வேல்ஸ் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் என்ன பேசினார், அதனால் என்ன நடந்தது: அவைக்குறிப்பைத் தேடிப் படிக்கும் முறை

செனெத் எனப்படும் வேல்ஸ் நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் மருத்துவமனை பற்றியோ பள்ளிக்கூடம் பற்றியோ என்ன பேசினார் என்று கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. பெயரைத் தட்டினால் பேச்சுகள் நூற்றுக்கணக்கில் வந்து விழும். அந்தப் பேச்சால் ஏதாவது நகர்ந்ததா என்று கண்டுபிடிப்பதில்தான் வேலையே இருக்கிறது. ஆய்வு மாணவர்களும் செய்தியாளர்களும் சறுக்கும் இடம் இதுதான். உருக்கமான இரண்டு நிமிடப் பேச்சை மேற்கோள் காட்டுவார்கள்; அதே மாலை அந்த உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்று பார்க்க மாட்டார்கள்.

ஆகவே இங்கே சொல்லும் முறை பின்னாலிருந்து தொடங்குகிறது. முதலில் விளைவைப் பிடியுங்கள்: நிறைவேறிய சட்டம், தோற்ற முன்மொழிவு, ஒதுக்கிய பணம், மாறிய விதி. அங்கிருந்து பின்னோக்கி வந்து பேச்சைப் படியுங்கள்.

பயிற்சிக்குக் கர்ஸ்டி வில்லியம்ஸை எடுத்துக்கொள்வோம். 1999 முதல் 2021 வரை பிரெக்கன் அண்ட் ராட்னர்ஷர் தொகுதியின் உறுப்பினர். 2008 முதல் 2016 வரை வேல்ஸ் லிபரல் டெமாக்ரட் கட்சியின் தலைவர். 2016 முதல் 2021 வரை கல்வி அமைச்சர். சாதாரண உறுப்பினர், கட்சித் தலைவர், தனிநபர் மசோதாவின் (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதாவின்) சொந்தக்காரர், அமைச்சர் என நான்கு வேடங்களும் ஒரே ஆளிடம் இருப்பதால் ஒவ்வொரு வேடத்திலும் அவைக்குறிப்பு எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். அவையில் அவர் பணி முடிந்துவிட்டது என்பதும் வசதி. நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே புதுப் பேச்சு வந்து குறுக்கே நிற்காது.

தேடும் முன் காலத்தைக் கட்டுங்கள்

ஒரே உறுப்பினர், ஒரே கட்டடம். ஆனால் 2003-ல் பேசியதற்கும் 2018-ல் பேசியதற்கும் எடை வேறு. 1997 செப்டம்பர் 18 பொதுவாக்கெடுப்பில் 6,721 வாக்கு வித்தியாசத்தில் பிறந்த அவை இது. 1999-ல் கூடியபோது அதனால் முதன்மைச் சட்டம் இயற்ற முடியாது. லண்டனிலுள்ள பிரிட்டன் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டரின் சட்டங்களுக்குக் கீழ் வரும் விதிகளை மட்டுமே செய்யலாம். 2006-ஆம் ஆண்டு வேல்ஸ் அரசுச் சட்டம் வந்தபின், 2007 முதல் ‘மெஷர்’ என்ற பெயரில் குறுகிய சட்டங்கள் செய்ய முடிந்தது; பல பொருள்களில் அதற்கும் முதலில் வெஸ்ட்மின்ஸ்டரிடம் அதிகாரம் கேட்டு வாங்க வேண்டும். புதிய வீடுகளில் தீயணைப்பு நீர்த்தெளிப்பானைக் கட்டாயமாக்கிய, உறுப்பினர் ஆன் ஜோன்ஸின் 2011 மெஷர் அப்படித்தான் ஆண்டுக்கணக்கில் இழுத்து முடிந்தது. 2011 மார்ச் 3 பொதுவாக்கெடுப்பில் 63.5 சதவீதம் பேர் ஆம் என்ற பிறகுதான் முழுச் சட்டங்கள் வந்தன. 2018 ஏப்ரல் 1 முதல் கணக்கு திரும்பியது: லண்டனுக்கு என்று ஒதுக்கப்பட்ட பொருள்களைத் தவிர மற்றவை அனைத்தும் வேல்ஸின் கையில்.

நடைமுறையில் இதை எப்படிப் பயன்படுத்துவது? பேச்சின் பொருளை எடுத்து, அந்தத் தேதியில் அந்த அவைக்கு அதில் அதிகாரம் இருந்ததா என்று கேளுங்கள். சுகாதாரம், பள்ளிக்கல்வி, வீட்டுவசதி, வேளாண்மை ஆகியவை வேல்ஸின் பொறுப்பு. காவல்துறை, நீதிமன்றம், குடியேற்றம், பெரும்பாலான சமூகநலப் படிகள் லண்டனிடம். காவல்துறை பற்றி உறுப்பினர்கள் தாராளமாக விவாதிக்கலாம், தீர்மானமும் போடலாம். அது கோரிக்கை, சட்டமாகாது. ‘காவல்துறைச் சீர்திருத்தத்துக்கு வாக்களித்தார்’ என்று எழுதினால் தவறு, ‘லண்டனிடம் கோரும் தீர்மானத்துக்கு வாக்களித்தார்’ என்பதே சரி.

பெயர்களும் காலத்தோடு மாறியிருக்கின்றன. தேடல் பெட்டி வெறுமையாக வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான். 2020 மே 6 வரை இது ‘வேல்ஸ் தேசியப் பேரவை’. உறுப்பினரின் பெயருக்குப் பின்னால் அதுவரை ஏ.எம். (பேரவை உறுப்பினர்); அதன் பிறகு எம்.எஸ். (செனெத் உறுப்பினர்), வெல்ஷ் மொழியில் ஏ.எஸ். அமைச்சர் பதவிப் பெயரும் ஆடும். கர்ஸ்டி 2016-ல் பதவியேற்றபோது ‘கேபினட் செக்ரட்டரி’. 2018 டிசம்பரில் மார்க் டிரேக்ஃபோர்ட் வேல்ஸ் அரசின் தலைவரான முதல் அமைச்சரானதும் அதே வேலைக்குப் பெயர் ‘மினிஸ்டர்’. 2024-ல் மறுபடி கேபினட் செக்ரட்டரி. பதவிப் பெயரை வைத்துத் தேடாமல் ஆளின் பெயரை வைத்துத் தேடுங்கள். அதிலும் எச்சரிக்கை வேண்டும்: வேல்ஸில் டேவிஸும் ஜோன்ஸும் வில்லியம்ஸும் தெருவுக்குத் தெரு உண்டு. முதல் பெயர், தொகுதி, கட்சி மூன்றும் பொருந்தாமல் எதையும் குறித்துக்கொள்ள வேண்டாம். வெஸ்ட்மின்ஸ்டரில் அமரும் வேல்ஸ் எம்.பி.க்கள் முற்றிலும் வேறு ஆட்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

எங்கே தேடுவது

மூன்று இடங்கள் போதும்.

முதலாவது, செனெத்தின் அவைக்குறிப்புத் தளம். முழு அவைக் கூட்டங்களும் குழுக் கூட்டங்களும் சொல்லுக்குச் சொல் இங்கே இருக்கின்றன. பக்கத்தில் இரண்டு வடிவம் கிடைக்கும்: பேசிய மொழியிலேயே உள்ளது ஒன்று, மொழிபெயர்ப்பு ஒன்று. உறுப்பினர்கள் வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் பேசலாம். ஒரே பேச்சில் நடுவே மாறுபவர்களும் உண்டு. நீங்கள் மேற்கோள் எடுப்பது அவர் வாயிலிருந்து வந்த சொல்லா, மொழிபெயர்ப்பாளரின் சொல்லா என்று பாருங்கள். மொழிபெயர்ப்பு என்றால் அப்படியே குறிப்பிடுங்கள். கூட்டம் முடிந்தவுடன் வரும் குறிப்பு வரைவுதான். அதில் உடனடி மொழிபெயர்ப்பாளரின் குரல் அப்படியே இருக்கும். சில வேலை நாள்களில் சரிபார்த்த வடிவம் வந்து உட்காரும். அவசரமில்லை என்றால் அதற்குக் காத்திருங்கள். அவசரம் என்றால் செனெத் டி.வி.யில் அந்த இடத்தின் காணொளியைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். அவைக்குறிப்பிலிருந்தே அந்த நிமிடத்துக்குத் தாவலாம்.

இரண்டாவது, செனெத்தின் அலுவல் பக்கங்கள். மசோதா, திருத்தப் பட்டியல், குழு அறிக்கை, தாக்கல் செய்த முன்மொழிவு, எழுத்துக் கேள்வி, பழைய கூட்டங்களின் ஆவணங்கள் எல்லாம் இங்கே. பழைய ஆண்டுகளுக்குத் தேடல் பெட்டியை நம்பாதீர்கள். கூட்டத் தேதியைக் கண்டுபிடித்து அந்தக் கூட்டத்தின் பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள கோப்பை இறக்கிப் படிப்பதுதான் உறுதியான வழி.

மூன்றாவது, வேல்ஸ் அரசின் தளம். அரசு வேறு, செனெத் வேறு. அமைச்சர்களின் எழுத்து அறிக்கைகள் அரசுத் தளத்தில்தான் எளிதில் கிடைக்கும். அமைச்சராக இருந்தவரைப் படிக்கும்போது இது இல்லாமல் வேலை பாதியில் நிற்கும்.

இவை தவிர, தே-வொர்க்-ஃபார்-யூ என்ற பிரிட்டனின் தன்னார்வத் தளத்தில் ஓர் உறுப்பினரின் பெயரையோ ஒரு சொல்லையோ பதிந்துவைத்தால் செனெத்தில் அது வரும்போது மின்னஞ்சல் வரும். இப்போது பதவியில் இருப்பவரைப் பின்தொடர இது நல்ல வசதி. கணக்கெடுப்புக்கு அதன் எண்களை எடுத்தாளாதீர்கள். அவைக்குறிப்பில்தான் சரிபார்க்க வேண்டும்.

அவர் எந்த இடத்தில் நின்று பேசினார்

முழு அவை செவ்வாயும் புதனும் பிற்பகலில் கூடும். செவ்வாய் பெரும்பாலும் அரசின் அலுவல். முதல் அமைச்சரிடம் கேள்வி, அமைச்சர்களின் அறிக்கை, சட்ட வேலை. புதன்கிழமை எதிர்க்கட்சிகளுக்கும் பின்வரிசை உறுப்பினர்களுக்கும் கை நீளும் நாள். தேதியைப் பார்த்தவுடன் கிழமையைப் பாருங்கள், பாதி விஷயம் புரிந்துவிடும்.

அடுத்து, பேச்சின் வகை. வாய்மொழிக் கேள்வியில் அச்சான கேள்வி வெறும் கதவுதான். உறுப்பினர் உண்மையில் கேட்க வந்தது அதன்பின் வரும் துணைக் கேள்வியில் இருக்கும். எழுத்துக் கேள்வி பார்வைக்கு வறட்சி. ஆனால் எண்ணும் தேதியும் தொகையும் அமைச்சர் வாயிலிருந்து, அதாவது எழுத்திலிருந்து, வருவது அங்கேதான். ஓர் உறுப்பினர் ஒரு பொருளை உண்மையாகப் பிடித்துத் தொங்குகிறாரா என்று அறிய அவருடைய எழுத்துக் கேள்விகளைத் தேதிவாரியாக அடுக்குங்கள். ஒரே மருத்துவமனை பற்றி ஆறு மாத இடைவெளியில் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தால் அவர் கோப்பு வைத்திருக்கிறார் என்று அர்த்தம். செய்தி வந்த வாரத்தில் மட்டும் கேட்டிருந்தால் செய்திக்காகக் கேட்டிருக்கிறார்.

தொண்ணூறு விநாடி அறிக்கை தொகுதியின் பெருமை சொல்ல. அதில் கொள்கை தேட வேண்டாம். புதன்கிழமைக் கடைசியில் வரும் குறுவிவாதத்தில் ஓர் உறுப்பினர் தான் விரும்பும் பொருளை விரித்துப் பேசுவார், அமைச்சர் பதில் சொல்வார், வாக்கெடுப்பு கிடையாது. அவை பெரும்பாலும் காலியாக இருக்கும் நேரம் அது. இருந்தும் அமைச்சரின் பதிலில் ஒரு வாக்குறுதி நழுவி விழுவதுண்டு. அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த மாத எழுத்துக் கேள்விக்குப் போங்கள்.

பேச்சுகளின் எண்ணிக்கையை வைத்து யாரையும் அளக்காதீர்கள். சபாநாயகர்தான் எப்போதும் முதலிடம் பிடிப்பார். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைப்பதும் ஒரு பதிவாக எண்ணப்படும். அமைச்சருக்கும் அதே கதை. கேள்விக்குப் பதில் சொல்லியே நூறு பதிவு சேர்ந்துவிடும்.

மசோதாவைப் பின்தொடர்வது: செவிலியர் எண்ணிக்கைச் சட்டம்

ஓர் உறுப்பினரின் உண்மையான கனத்தை அளக்க அவர் கொண்டுவந்த மசோதாவை விடச் சிறந்த கருவி இல்லை. கர்ஸ்டிக்கு அது 2016-ஆம் ஆண்டு வேல்ஸ் செவிலியர் எண்ணிக்கைச் சட்டம்.

முதலில் காலவரிசையை எழுதிக்கொள்ளுங்கள். 2013 பிப்ரவரியில் இங்கிலாந்தின் மிட் ஸ்டாஃபர்ட்ஷர் மருத்துவமனை பற்றிய பிரான்சிஸ் அறிக்கை வெளிவந்தது. வார்டில் போதிய செவிலியர் இல்லாததன் விலை என்ன என்பது பிரிட்டன் முழுக்கப் பேச்சானது. 2013 டிசம்பரில் தனிநபர் மசோதாவுக்கான குலுக்கலில் கர்ஸ்டியின் பெயர் வந்தது. 2014 மார்ச்சில் மசோதா கொண்டுவர அவை அனுமதித்தது. 2014 டிசம்பர் 1 அன்று தாக்கல். 2016 பிப்ரவரி 10 அன்று நிறைவேற்றம், மார்ச் 21 அன்று அரச ஒப்புதல். குலுக்கலில் இருந்து சட்டம் வரை இரண்டு ஆண்டுக்கு மேல். ஐந்தாண்டு அவையில் பாதி.

இப்போது தேடலில் ஒரு பொறி. தாக்கலானபோது மசோதாவின் தலைப்பில் ‘பாதுகாப்பான’ என்ற சொல் இருந்தது. குழுவில் திருத்தம் நடந்தபோது அந்தச் சொல் உதிர்ந்தது. சட்டத்தின் பெயரை மட்டும் தட்டித் தேடினால் தொடக்க கால ஆவணங்கள் தப்பிவிடும். இரு தலைப்பையும் தேட வேண்டும். தலைப்பில் ஒரு சொல் போயிருந்தால் உள்ளேயும் ஏதோ போயிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

போயிருக்கிறது. அதைக் காண இரண்டு ஆவணங்களை அருகருகே வையுங்கள்: தாக்கலான வடிவம், நிறைவேறிய வடிவம். தாக்கலான வடிவம் வழிகாட்டு நெறிகளில் குறைந்தபட்சச் செவிலியர்-நோயாளி விகிதம் இடம்பெற வேண்டும் என்றது. நிறைவேறிய சட்டத்தில் அந்த வடிவில் விகிதம் இல்லை. அதற்குப் பதில் கணக்கிடும் முறை வந்தது: செவிலியரின் தொழில்முறைத் தீர்ப்பு, ஒரு செவிலியருக்குச் சராசரியாக எத்தனை நோயாளி, பராமரிப்பின் தரத்தால் நோயாளியின் நலன் எவ்வளவு பாதிக்கப்படுகிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்து மருத்துவமனையே எண்ணிக்கையை நிர்ணயிக்க வேண்டும். சட்டம் தனியாக நிற்காமல் 2006-ஆம் ஆண்டு வேல்ஸ் தேசியச் சுகாதாரச் சேவைச் சட்டத்துக்குள் 25ஏ முதல் 25இ வரை ஐந்து பிரிவுகளைச் செருகியது. 25ஏ பொதுக் கடமை, எல்லா இடத்துக்கும். 25பி-யின் கடுமையான கடமை பெரியவர்களுக்கான தீவிர மருத்துவ, அறுவை சிகிச்சை உள்நோயாளி வார்டுகளுக்கு மட்டும். 25சி கணக்கிடும் முறை, அடுத்தது வழிகாட்டு நெறி, கடைசி அறிக்கை அளிக்கும் பொறுப்பு.

விகிதம் போனது தோல்வியா? எங்கள் கணிப்பில் இல்லை. அது கொடுத்த விலை. எதிர்க்கட்சி உறுப்பினரின் தனிநபர் மசோதா அரசின் சம்மதமின்றி கரையேறுவது மிகக் கடினம். பணம் செலவாகும் மசோதாவுக்கு நிதித் தீர்மானம் தேவை, அதை அரசு மட்டுமே முன்மொழியலாம். அந்தச் சாவி அரசின் பையில் இருக்கும்போது பேரம் பேசாமல் வழியில்லை. அன்று அரசுத் தரப்பில் எதிரே நின்றவர் சுகாதார அமைச்சர் மார்க் டிரேக்ஃபோர்ட். ஆகவே கர்ஸ்டியின் பேச்சுகளைப் படிக்கும்போது எதை விட்டுக்கொடுக்க மறுக்கிறார், எதை மெல்ல விடுகிறார் என்று கோடு போட்டுக்கொண்டே படியுங்கள்.

படிக்கும் வரிசை இதோ. மசோதா நான்கு நிலைகளைக் கடக்கும். முதல் நிலையில் குழு சாட்சியம் கேட்டு அறிக்கை தரும். பிறகு பொதுக் கோட்பாடுகள் மீது அவையில் விவாதம். இரண்டாம் நிலையில் குழு திருத்தங்களை ஒவ்வொன்றாக எடுக்கும். மூன்றாம் நிலையில் முழு அவையில் திருத்தங்கள். நான்காம் நிலையில் இறுதி வடிவத்துக்கு ஆம் அல்லது இல்லை. பலரும் நான்காம் நிலைப் பேச்சைப் படித்து நிறுத்திவிடுவார்கள். அங்கே இருப்பது நன்றியுரைதான். சண்டை இரண்டாம் நிலையில் நடக்கிறது. நீங்கள் அதிக நேரம் கொடுக்க வேண்டியது அந்தக் குழுக் கூட்டத்துக்கு.

இரண்டாம் நிலையைப் படிக்கும் முன் திருத்தங்களின் வரிசைப் பட்டியலை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவைக்குறிப்பில் ‘திருத்தம் 14-ஐ முன்மொழிகிறேன்’ என்று மட்டுமே இருக்கும். 14 என்ன சொல்கிறது என்று பட்டியலில்தான் இருக்கும். திருத்தத்தின் அருகே யார் பெயர் என்று பாருங்கள். திருத்தங்கள் எண் வரிசையில் விவாதிக்கப்படாது, பொருள் வாரியாகக் குழுக்களாகக் கட்டப்படும். ஆனால் வாக்கெடுப்பு மசோதாவின் வரிசையில் நடக்கும். ஆகவே காலையில் பேசியதற்கான வாக்கு மாலையில் வேறு பக்கத்தில் கிடக்கும். இதைத் தெரியாமல் ‘பேசினார், வாக்குக்கு விடவில்லை’ என்று எழுதியவர்கள் உண்டு. விளக்கம் கேட்டுத் தெளிந்தபின் திருத்தத்தைத் திரும்பப் பெறுவது வேறு. அதையும் தோல்வி என்று எழுதக் கூடாது. அமைச்சரிடமிருந்து ஒரு வாக்குறுதியைப் பதிவில் ஏற்றிவிட்டுத் திரும்பப் பெறுவது பழகிய தந்திரம்.

நான்காம் நிலையில் ஆம் என்றதும் வேலை முடிந்துவிடுவதில்லை. அரசுகளின் சட்ட அதிகாரிகள் மசோதாவை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்ப நான்கு வாரம் அவகாசம் உண்டு. உறுப்பினர் மிக் அன்டோனிவ் கொண்டுவந்த மசோதாவை இதற்கு உதாரணமாக வையுங்கள். கல்நார் நோய்க்கு ஆன மருத்துவச் செலவை நிறுவனங்களிடமும் காப்பீட்டாளர்களிடமும் வசூலிக்கும் மசோதா அது. 2013 நவம்பரில் அவையில் நிறைவேறியது, உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, 2015 பிப்ரவரி 9 அன்று அவையின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்று தீர்ப்பானது. ‘நிறைவேறியது’ என்பதோடு நிறுத்தியிருந்தால் இல்லாத சட்டத்தைப் பற்றி எழுதியிருப்பீர்கள்.

அரச ஒப்புதலுக்குப் பிறகும் நடைமுறைத் தேதியைத் தேடுங்கள். செவிலியர் சட்டத்தில் பொதுக் கடமை 2017 ஏப்ரலிலும் வார்டுகளுக்கான கடமை 2018 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. குழந்தைகள் உள்நோயாளி வார்டுகள் 2021 அக்டோபரில் சேர்ந்தன. அதற்குள் கர்ஸ்டி அவையில் இல்லை. அந்த ஆண்டு மே தேர்தலில் அவர் நிற்கவில்லை. அவர் பெயரில் தேடினால் இந்த விரிவாக்கம் கிடைக்காது, சட்டத்தின் பெயரில் தேடினால்தான் கிடைக்கும். அதன்பின் வந்த அவையில் சுகாதாரக் குழு இந்தச் சட்டத்தை மறுஆய்வு செய்தது. வேலை செய்கிறதா என்று கேட்பவர்கள் தொடங்க வேண்டிய இடம் அந்தச் சாட்சியங்கள்.

வாக்கைப் படிப்பது

எதிர்க்கட்சி விவாதங்களில் ஏமாறாதவர் குறைவு. நடப்பது இதுதான். எதிர்க்கட்சி ஒரு முன்மொழிவு வைக்கும். அரசு ‘அனைத்தையும் நீக்கிவிட்டுப் பின்வருவதை இடுக’ என்று ஒரு திருத்தம் கொடுக்கும். முதலில் திருத்தப்படாத முன்மொழிவுக்கு வாக்கு. அது தோற்றால் திருத்தங்களுக்கு வாக்கு. அரசின் திருத்தம் வென்றால் அதோடு மோதும் மற்ற திருத்தங்கள் கைவிடப்படும். கடைசியாக ‘திருத்தப்பட்டவாறு முன்மொழிவு’ வாக்குக்கு வரும். அந்தக் கடைசி வடிவத்தில் எதிர்க்கட்சியின் ஒரு வாக்கியம் கூட மிஞ்சியிருக்காது. ஆனால் முன்மொழிவின் எண் அதேதான். முன்மொழிவைக் கொண்டுவந்தவரே கடைசியில் எதிர்த்து வாக்களித்திருப்பார். கடைசி வாக்கை மட்டும் பார்த்தால் அவர் தன் கொள்கைக்கே எதிராக நின்றதாகத் தோன்றும்.

ஆகவே ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் எண்ணோடு கூட அந்த நேரத்தில் மேசையில் இருந்த வாசகத்தையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். என்.டி.எம். என்று தொடங்கும் முன்மொழிவு எண் மட்டும் போதாது.

சமநிலை வந்தால் சபாநாயகர் எதிராக வாக்களிப்பார். அவையின் நடைமுறை விதியான நிலையாணை 6.20 அப்படிச் சொல்கிறது. அது அவருடைய கருத்தைக் காட்டாது. 2021 மே தேர்தலில் ஆளும் லேபர் கட்சி 60-ல் 30 இடம் பிடித்தது. அந்த அவையின் சபாநாயகர் எலின் ஜோன்ஸ் எதிர்க்கட்சியான பிளைட் கம்ரியைச் சேர்ந்தவர், துணைச் சபாநாயகர் டேவிட் ரீஸ் லேபர். இருவரும் வழக்கமாக வாக்களிப்பதில்லை. அப்படியானால் 29-க்கு 29. இந்தக் கணக்கு மனதில் இல்லாமல் 2021-ல் அமைந்த அந்த ஆறாவது அவையின் வாக்குகளைப் படிக்க முடியாது. எதிர்க்கட்சியின் முன்மொழிவும் தோற்று, அரசின் திருத்தமும் சமநிலையில் தோற்று, கடைசியில் எதுவுமே ஏற்கப்படாமல் போவதும் இதனால்தான்.

வராதவரும் நடுநிலை வகித்தவரும் ஒன்றல்ல. நடுநிலை என்பது பதிவில் பெயரோடு வரும். வராதவர் பெயரே இருக்காது. 2021 அக்டோபர் 5 அன்று கோவிட் பாஸ் வாக்கெடுப்பு 28-க்கு 27 என்று வென்றது. கன்சர்வேட்டிவ் உறுப்பினர் காரெத் டேவிஸ் ஜூம் இணைப்பில் நுழைய முடியாமல் வாக்கைத் தவறவிட்டார். 2024 ஜூன் 5 அன்று முதல் அமைச்சர் வான் கெதிங் மீதான நம்பிக்கையின்மை 29-க்கு 27 என்று நிறைவேறியது. லேபர் உறுப்பினர் இருவர் உடல்நலக் குறைவால் வரவில்லை. பெயர் இல்லாததற்குக் காரணத்தை அவைக்குறிப்பு சொல்லாது. அன்றைய செய்திகளில் தேடி உறுதிசெய்யுங்கள். கிடைக்காவிட்டால் ‘வாக்கு பதிவாகவில்லை’ என்று மட்டும் எழுதுங்கள்.

2020 வசந்த காலத்து வாக்குகளைத் தனியே ஒதுக்கி வையுங்கள். பெருந்தொற்றில் 2020 ஏப்ரல் 1 அன்று அவை ஜூம் வழியாகக் கூடியது. அதன்பின் சில மாதங்களுக்கு ஒவ்வொரு கட்சிக் குழுவுக்கும் ஒருவர் குழுவின் மொத்த வாக்கையும் போட்டார். தனி உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்ற அட்டவணையில் அந்த மாதங்களைச் சேர்த்தால் கணக்கு கெடும்.

‘ஆட்சேபம் இல்லாமல் ஏற்கப்பட்டது’ என்று வருவதில் பெயர்ப் பட்டியலே கிடையாது. அதை ஏகமனதான ஆதரவு என்று விரித்து எழுத வேண்டாம். யாரும் ஆட்சேபிக்கவில்லை, அவ்வளவுதான்.

லண்டன் மசோதாக்களுக்கான ஒப்புதல் தீர்மானங்களும் தனி வகை. செனெத் மறுத்தாலும் வெஸ்ட்மின்ஸ்டரால் முன்னேற முடியும்; 2020 டிசம்பரில் உள்நாட்டுச் சந்தை மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்தார்கள், அது சட்டமாகத்தான் ஆனது.

அமைச்சரான பிறகு

2016 மே 11 அன்று முதல் அமைச்சர் வாக்கெடுப்பில் லேபரின் கார்வின் ஜோன்ஸுக்கு 29, பிளைட் கம்ரியின் லீயான் வுட்டுக்கு 29. கர்ஸ்டி ஜோன்ஸுக்கு வாக்களித்தார். அடுத்த வாரம் ஜோன்ஸின் அமைச்சரவையில் சேர்ந்தார். அவருடைய கட்சிக்கு அவையில் அவர் ஒருவர்தான் மிச்சம். அந்த நாளிலிருந்து அவர் பேச்சைப் படிக்கும் விதி மாறுகிறது.

அமைச்சர் அவையில் கேள்வி கேட்கமாட்டார். அவர் வாக்கு அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பின் வாக்கு. எனவே ‘அவர் இந்தக் கொள்கையை ஆதரித்தார்’ என்பதற்கு வாக்குப் பட்டியலைச் சான்றாகக் காட்டினால் அது பலவீனமான சான்று. மாறாக, அவர் கட்சி பேரம் பேசி உள்ளே கொண்டுவந்தது எது என்று தேடுங்கள். கிராமப்புறப் பள்ளிகள் நல்ல உதாரணம். அவர் தொகுதி வேல்ஸின் மிகப் பரந்த, ஆள் குறைந்த தொகுதிகளில் ஒன்று. எதிர்க்கட்சியில் இருந்தபோதே சிறு பள்ளிகள் பற்றிப் பேசியவர். 2018 நவம்பரில் வந்த பள்ளி அமைப்பு விதித்தொகுப்பின் இரண்டாம் பதிப்பு, பட்டியலிட்ட கிராமப் பள்ளியை மூடக் கூடாது என்ற அனுமானத்தோடுதான் உள்ளாட்சி தொடங்க வேண்டும் என்றது. மூடவே முடியாது என்று அதற்கு அர்த்தமில்லை. மாற்று வழிகளைப் பார்த்தோம் என்று காட்டிவிட்டு மூடலாம். இரண்டு முனையிலும் எழுத்து இருப்பதால் பேச்சிலிருந்து விதிவரை நூல் பிடித்து வரலாம்.

பாடத்திட்டமும் அப்படியே. பாடத்திட்ட, மதிப்பீட்டு மசோதா 2020 ஜூலையில் தாக்கல், 2021 மார்ச் 9 அன்று நிறைவேற்றம், ஏப்ரல் 29 அன்று அரச ஒப்புதல். இங்கே அரசு மசோதா, பெரும்பான்மை கையில். செவிலியர் மசோதாவில் சாவிக்காகக் காத்திருந்தவர் இப்போது சாவி வைத்திருப்பவர். இரண்டின் இரண்டாம் நிலைக் கூட்டங்களையும் அடுத்தடுத்துப் படியுங்கள். மற்றவர்களின் திருத்தங்களுக்கு அவர் சொல்லும் மறுப்புக் காரணங்களில், முன்பு அவருக்குச் சொல்லப்பட்டவை எத்தனை என்று குறித்துப் பாருங்கள்.

அவைக்குறிப்பில் கிடைக்காத முடிவுகளும் உண்டு. 2020 ஆகஸ்ட் 17 அன்று, ஏ-லெவல், ஜி.சி.எஸ்.இ. என்ற பள்ளிப் பொதுத்தேர்வுகளின் மதிப்பெண்களைக் கணினிச் சூத்திரத்துக்குப் பதில் ஆசிரியர் மதிப்பீட்டின்படி தருவதாகக் கர்ஸ்டி அறிவித்தார். அவரது பதவிக்காலத்தில் மாணவர்களை நேரடியாகத் தொட்ட முடிவுகளில் அதுவும் ஒன்று. முழு அவை அப்போது கோடை விடுமுறையில். அந்த வாரத்துக்கான முழு அவைக் குறிப்பைத் தேடினால் ஒன்றும் இராது. அரசின் அறிக்கைகளைப் பார்க்க வேண்டும், பிறகு அவை மறுபடி கூடியதும் வந்த கேள்விகளை.

குறிப்பேடு

ஒரு அட்டவணை போதும். ஒவ்வொரு வரியிலும் தேதி, கூட்டம் முழு அவையா குழுவா, பேச்சின் வகை, அன்று அவர் வகித்த பொறுப்பு, அவர் பேசிய மொழி, வாசகம், வாக்கு, பின்விளைவு. கடைசிக் கட்டம் பல வரிகளில் வெறுமையாகத்தான் இருக்கும். அதை நிரப்ப வேண்டும் என்று எதையும் இழுத்து ஒட்டாதீர்கள். பேச்சுக்குப் பின் நடந்தது எல்லாம் பேச்சால் நடந்தது இல்லை. தொடர்பு உண்டு என்று எழுத, அமைச்சரின் பதிலோ குழு அறிக்கையின் பரிந்துரையோ திருத்தத்தின் வாசகமோ அந்த உறுப்பினரைக் காட்ட வேண்டும். குழு அறிக்கையை எடுத்துக்காட்டும்போது கவனம்: அது குழுவின் குரல். ஓர் உறுப்பினர் கேள்வி எழுப்பினார் என்பதற்குச் சாட்சி விசாரணையின் குறிப்பைக் காட்டுங்கள், அறிக்கையைக் காட்டாதீர்கள்.

பதவியில் இருப்பவர் என்றால் நலன்கள் பதிவேட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள். விவாதப் பொருளோடு தொடர்புள்ள நலன் உள்ளவர்கள் பேச்சின் தொடக்கத்திலேயே அதைச் சொல்வது வழக்கம். மேற்கோளை நடுவிலிருந்து வெட்டினால் அந்த வரி காணாமல் போகும்.

2026 மே தேர்தலில் இருந்து அவைக்கு 96 உறுப்பினர்கள். 16 தொகுதிகள், தொகுதிக்கு ஆறு பேர், கட்சிப் பட்டியல் முறை, நான்காண்டு காலம். பழைய தொகுதிப் பெயர்களை வைத்துக் கட்டிய அட்டவணையில் அந்தத் தேதியில் ஒரு கோடு போட்டுப் புதுத் தாளில் தொடங்குங்கள். சமநிலை பற்றி மேலே சொன்ன 29-29 கணக்கு 2021-ல் அமைந்த அவைக்கு மட்டுமே பொருந்தும்.